இடது காலின் நிறம்

நவம்பர் 24

துணிக்கடைக்காரர்கள் என் அம்மாவின் கால்களைத் தின்றுவிட்டார்கள். திருநெல்வேலியில் ஐந்து மாடிக் கடை, இரண்டாம் மாடியில் பட்டுப்பிரிவு. பதினான்கு வருடங்கள், நாளுக்குப் பதினொரு மணி நேரம் நிற்க வைத்தே தின்றார்கள். உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்தபோது மாடிக்கு இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அவற்றின்மேல் இன்றுவரை சேலைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

சர்க்கரையும் ஒரு காரணம் என்றார் டாக்டர். பன்னிரண்டு வருடச் சர்க்கரை. இடது காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. கணுக்காலில் நாடி விரலுக்குக் கிடைக்காமல் கருவி வைத்துத் தேடினார். இப்போதைக்கு மாத்திரையும் பயிற்சியும் போதும், அசட்டையாக இருந்தால் விரலில் தொடங்கும் என்றார். என்ன தொடங்கும் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிசியோதெரபி அறையில் இமானுவேல் என்ற இளைஞர் செய்து காட்டினார். மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தி, பாதம் வெளுக்கும்வரை வைத்திருக்க வேண்டும். பிறகு எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதம் சிவக்கும்வரை தொங்கவிட்டு, மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பிறகு நேராகப் படுத்து ஓய்வு. இது ஒரு சுற்று. காலையில் மூன்று சுற்று. அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: பாதத்தில் புண் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே வரவும்.

நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதோ அவ்வளவு நல்லது என்றார். நான் போனில் நேரம் பார்த்தேன். தொங்கவிட்டபின் வலது பாதத்தில் நிறம் திரும்பப் பதின்மூன்று விநாடி. இடது பாதத்தில் நாற்பத்து நான்கு.

"நாப்பத்தி நாலா? பாஸ் மார்க்குதாம்ட்டி," என்றாள் அம்மா.

நவம்பர் 26

சென்னை திரும்பிவிட்டேன். நேற்று ரயில் ஏறும்போது ஒப்பந்தம் செய்துகொண்டோம். தினமும் காலை ஆறரைக்கு வீடியோ அழைப்பு. அவள் பயிற்சி செய்ய வேண்டும், நான் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். இதுவரை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவைதான் பேசுவோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா.

"கால் கொஞ்சம் மோசமானாலும் எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவேன்," என்று சொன்னேன்.

"வந்து? நீயும் எங்கூட நின்னு சேலை விரிக்கப் போறியா?" என்றாள்.

நவம்பர் 29

ஆய்வகத்தில் என் முனைவர் பட்டத்துக்காக நான் செய்வது ஒளி பட்டால் வளைகிற படலம். தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால் விளக்கை நோக்கிச் சுருளும், நீல ஒளியைக் காட்டினால் நிமிரும். மோட்டாரும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு நாள் இதைக்கொண்டு உடம்புக்குள் வைக்கும் சின்ன வால்வு செய்யலாம் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறோம். அந்த ஒரு நாள் எப்போது என்று எழுதவில்லை.

நானூறு தடவை வளைந்தபின் படலம் சோர்ந்துபோகிறது. பாதிதான் சுருள்கிறது. இதற்குத் துறையில் பெயரே களைப்பு. ஜனவரி எட்டாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருகிறது. அன்று ஆயிரம் தடவை வளைந்து காட்ட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் துண்டின் களைப்பைப் பற்றி உலகம் முழுவதும் கட்டுரை எழுதுகிறார்கள். பட்டுப்பிரிவின் களைப்பைப் பற்றி நான் ஒன்றும் படித்ததில்லை.

அம்மாவின் இடது கால்: நாற்பத்து மூன்று விநாடி.

டிசம்பர் 2

ரோஸ்லின் அத்தைதான் போனைப் பிடித்துக்கொள்கிறார். ஒரே முற்றத்தைச் சுற்றிய அதே வளவில் அடுத்த வீடு. அம்மாவுக்கு மைனி, அதாவது அண்ணி மாதிரி. பின்கேமராவில் இரண்டு பாதங்களையும் பக்கத்தில் வந்து காட்டுவார். நடுநடுவே வர்ணனையும் உண்டு.

"பாரு கனி, ஒங்கம்மா கால் ரெண்டும் மேல ஏறியாச்சு. இனி தேர் ஓடும்."

"மைனி, சிரிக்க வைக்காதிய, கால் எறங்குது," என்று அம்மாவின் குரல் மட்டும் கேட்கும்.

அவள் முகத்தை இன்று ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பாதம்தான். நாற்பத்திரண்டு.

டிசம்பர் 5

சுற்றுக்குச் சுற்று ஓய்வின்போது பேச நேரம் கிடைக்கிறது. படலத்தைப் பற்றிக் கேட்டாள்.

"வெளிச்சம் பட்டா வளையுதுன்னா, அதுக்குக் கூச்சமோ?"

"கூச்சம் இல்லம்மா. உள்ள இருக்க அணுக்கட்டு மடங்குது."

"எங்க பட்டும் அப்படித்தான், வெளிச்சத்துக்குத் தக்கன பேசும். கடை லைட்டுல மாம்பழக் கலர்ம்பாக. எடுத்துட்டு வாசலுக்குப் போனா வேற கலர். ஒரு நாளைக்கு முப்பது தடவை வாசலுக்கும் மாடிக்கும் நடப்பேன், வெயில்ல காட்ட."

"லிப்ட் இருக்குல்லா?"

"அது கஸ்டமருக்கு. சேலை அவக கையில போவும், நான் படியில போவேன்."

முப்பது தடவை, இரண்டு மாடி. அவள் அதைப் புகாராகச் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நாற்பது விநாடி.

டிசம்பர் 8

ரோஸ்லின் அத்தை மகள் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போய்விட்டார். ஒரு மாதம் ஆகுமாம்.

டிசம்பர் 9, 10, 11

அழைப்பு இல்லை. சார்ஜர் கெட்டுவிட்டதாகக் கடையிலிருந்து யாருடைய போனிலோ சொன்னாள்.

டிசம்பர் 12

மறுபடி தொடங்கிவிட்டோம். நாற்காலியில் செம்பை வைத்து அதில் போனைச் சாய்த்திருக்கிறாள். முன்கேமரா.

"பின்கேமரால வைம்மா, அதுலதான் தெளிவாத் தெரியும்."

"அப்பம் ஒம் மூஞ்சி எனக்குத் தெரியாதுல்லா."

ஒரு பாதம் மட்டும் வெறுங்காலாக இருந்தது. மற்றதில் நான் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற சாக்ஸ். மார்கழி வரப்போகிறது, குளிர்கிறது, நல்ல காலுக்கு எதற்குப் பயிற்சி என்றாள். எனக்கு அது வலது கால் மாதிரித் தெரிந்தது. கேட்டேன்.

"இடதுதாம்ட்டி," என்றாள். கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது.

பிறகு எனக்கே புரிந்தது. முன்கேமரா கண்ணாடி மாதிரி இடம் வலத்தை மாற்றிக் காட்டும். ஒளியைப் படிக்கிறவள் இதைக்கூட யோசிக்கவில்லை. அம்மாவுக்கு விளக்கினேன்.

"அதானே பாத்தேன்," என்றாள்.

பதினைந்து விநாடி! மூன்று தடவை அளந்தேன். பதினைந்து, பதினாறு, பதினைந்து.

டிசம்பர் 13

பதினான்கு. இமானுவேலுக்குப் போன் செய்து சொன்னேன். இவ்வளவு சீக்கிரம் முன்னேறுவது அபூர்வம், ஒரு தடவை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கடையில் கிறிஸ்துமஸ் கூட்டம், முடிந்ததும் போகிறேன் என்றாள்.

டிசம்பர் 17

படலத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்கும்போது எந்தப் பக்கம் ஒளியைப் பார்த்துக் காய்ந்தது என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவேன். கூட ஆராய்ச்சி செய்யும் ஷாஹிதா கண்ணைக் கட்டிச் சோதித்தாள். இருபதுக்கு இருபது. மஞ்சள் விளக்கடியில் எல்லோரும் கைதட்டினார்கள்.

என் வழிகாட்டி பத்மநாபன் சார் எட்டிப் பார்த்தார். "கனி, இப்ப எத்தனை சைக்கிள் வளையுது?"

"அறுநூத்திப் பத்து சார்."

"குட். அம்மாக்கு எப்படி இருக்கு? லீவு வேணும்னா எடுத்துக்கோங்க."

"வேண்டாம் சார், நல்ல முன்னேற்றம்."

இந்த ஆளும் ஒரு முதலாளிதான். லீவு தருகிற மாதிரிக் கேட்பார்.

டிசம்பர் 21

அம்மா இப்போது ஆறரைக்கு முன்பே கூப்பிடுகிறாள். தலை சீவி, பொட்டு வைத்து, கடைப் புடவை கட்டித் தயாராக இருக்கிறாள். காலைத் தூக்கிக்கொண்டே என்னைப் பார்க்கிறாள். என் பக்கம் நான் விநாடிகளைப் பார்க்கிறேன்.

"கண்ணுக்குக் கீழ கறுத்துருக்கே. தூங்கலியா?"

"பேசாதம்மா, கால் ஆடுது. எண்ணிக்கை தப்பும்."

"சரி சரி. எண்ணு."

மூன்று சுற்று போதும் என்றால் நான்காவது செய்கிறாள். நான்கு முடிந்தால் "இன்னொண்ணு செய்யட்டுமா?" என்கிறாள். பிடிவாதமான நோயாளி என்று அவளைக் கிண்டல் செய்தேன்.

டிசம்பர் 26

கடையில் நேற்று இரவு பத்தரை வரை நின்றிருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்தாயா என்று கேட்டேன். "உக்காந்தா எந்திரிக்க முடியலட்டி" என்றாள். அது என்ன பதில் என்று யோசிப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

பதின்மூன்று விநாடி. வலது காலும் இடது காலும் இப்போது ஒன்று.

டிசம்பர் 30

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தினாயா, மாத்திரை போட்டாயா, இமானுவேலைப் பார்த்தாயா. மூன்று கேள்விக்கும் ஒரே "ம்". முகம் வீங்கின மாதிரி இருந்தது. காய்ச்சலா என்றேன். பனி என்றாள்.

ஊருக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. அவள் பக்கத்தில் படுத்து, புடவையில் ஒட்டியிருக்கும் புதுத்துணி மணத்தை முகர வேண்டும் போலிருக்கிறது. எட்டாம் தேதி முடியட்டும்.

ஜனவரி 1

எண்ணூற்று எழுபது.

ஜனவரி 3

ஆயிரத்து நாற்பது! கலக்கி ஊற்றும் கலவையில் ஒரு துளி மாற்றினேன், படலம் தாக்குப்பிடித்துவிட்டது. அம்மாவிடம் சொன்னபோது அழுதாள். அவ்வளவு சந்தோஷமா என்று கேட்டேன். காலைத் தூக்கியபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜனவரி 5

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஷாஹிதா கருத்தரங்க அறையில் செய்முறை மேஜையை அடுக்கிக்கொண்டிருந்தாள். படலப் பெட்டிகளில் எது எங்கே என்று கேட்க வீடியோவில் கூப்பிட்டாள். முன்கேமராவுக்கு நேராகப் பெட்டியைப் பிடித்தாள். மேலே "ஒளி படக் கூடாது" என்று நான் எழுதிய சீட்டு.

"இதுவா கனி? எழுத்து எனக்குத் திரும்பித் தெரியுது, படிக்கவே முடியல."

"எனக்கு நேராத்தான் இருக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் கேட்டது நான் சொன்னது.

முன்கேமரா திருப்பிக் காட்டுவது பிடித்திருப்பவருக்கு மட்டும். எதிரில் பார்ப்பவருக்கு எல்லாம் நேராகத்தான் வரும். இருபத்தைந்து நாட்களாக எனக்கு வலது காலாகத் தெரிந்தது வலது கால்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் பார்த்திருந்தால்கூட "இது வலது கால்" என்று சொல்லியிருப்பார். நான் படித்தவள். கண்ணெதிரே இருந்ததை விளக்கம் சொல்லி மாற்றினேன். பொய்யை அம்மா சொல்லவில்லை. நான் செய்து கொடுத்தேன், அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒரு படலத்தின் இரண்டு பக்கத்தையும் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன். இருபத்தேழு வருடம் பார்த்த காலில் எது இடது என்று தெரியவில்லை.

ஜனவரி 6

ஆறரை மணி. அம்மா சிரித்தாள், படுத்தாள், காலைத் தூக்கினாள்.

"சாக்ஸைக் கழட்டும்மா."

"எதுக்கு? குளிருது."

"கழட்டு."

"நேரமாச்சுட்டி, கடைக்குப் போணும்."

"அம்மா, கழட்டு!"

திரை இருண்டது. போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள். செம்பு உருளும் சத்தம் கேட்டது. பிறகு துண்டித்துவிட்டாள்.

தூத்துக்குடிக்குக் கூப்பிட்டேன். ரோஸ்லின் அத்தை பேத்தியை அப்படியே விட்டுவிட்டுப் பத்தரைக்குத் திருநெல்வேலியில் இறங்கினார். கடைக்கு நேரே போய், பட்டுப்பிரிவில் எல்லோர் முன்னாலும் சாக்ஸை உருவியிருக்கிறார்.

"கனி, ரெண்டு விரல் கரிக்கட்டையாட்டம் இருக்குட்டி. மூணாவதும் ஏறிட்டு வருது. நாத்தம். இதோடத்தான் நிக்கா, ஒரு மாசமா."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஒன்பதாம் தேதி அறுவை. அதுவரை ஊசி.

ஜனவரி 7

ரயிலில் இடம் இல்லை. பஸ் இருக்கிறதே என்றாள் ஷாஹிதா. அறுவை ஒன்பதாம் தேதிதானே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிகளை அடுக்கப் போனாள்.

கலவையில் நான் மாற்றிய துளியை வேறு யாருக்கும் ஊற்றத் தெரியாது. இது உண்மை.

ஜனவரி 8

ஆயிரத்து இருநூறு தடவை வளைந்தது. குழு எழுந்து நின்று கைதட்டியது.

ஜனவரி 9

பஸ் மதுரையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. நான் போகும்போது அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

முன்பாதம் முழுவதையும் எடுத்தார்கள். குதிகால் இருக்கிறது. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரல்கூட போயிருக்காது," என்றார் டாக்டர். தாளில் எழுதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

ஜனவரி 10

அம்மா கண் திறந்ததும் கேட்டது: "பரிச்சை முடிஞ்சுதா?"

"பரிச்சை இல்லம்மா. முடிஞ்சுது."

"வளைஞ்சுதா?"

"வளைஞ்சுது."

திரும்பத் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 11

வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ரோஸ்லின் அத்தையிடம் கேட்டேன். எனக்காகத்தானே மறைத்தாள், நான் படிப்பை விட்டு வந்துவிடுவேன் என்றுதானே என்று. ஆமாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அத்தை சேலைத் தலைப்பைத் திருகியபடியே சொன்னார்.

"அதுவும்தான். ஆனா நேத்து எங்கிட்ட வேற சொன்னா. புண்ணு வந்தா பயிற்சிய நிறுத்தணும்னு அந்தத் தாள்ல போட்டுருக்காமே. நிறுத்திட்டா நீ காலைல வரமாட்டியாம். பழையபடி ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை. 'மைனி, பதினஞ்சு நிமிசம் அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாக்கேன், அதுக்கு எந்தக் காலத் தூக்குனா என்ன'ன்னா."

நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 13

கடையிலிருந்து சூப்பர்வைசர் அண்ணாச்சி வந்தார். ஆரஞ்சுப் பழம், கடைப் பெயர் போட்ட பை. அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"படுங்கம்மா, படுங்க. நாங்க ஸ்டூல் போட்டுத்தான் வச்சுருந்தோம். பிரம்மசக்தியம்மாதான் உக்காரவே மாட்டாங்க."

"அந்த ஸ்டூல் மேல என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"என்னம்மா?"

"பதினாறு பெட்டி இருக்கும். அத யார் எறக்கி வச்சுட்டு உக்காரணும்? உக்காந்த பெறவு நீங்க அவுகள அடுத்த மாசம் எந்தப் பிரிவுக்கு மாத்துவிய?"

"பாப்பா படிச்ச பிள்ளை. கோவத்துல பேசுது," என்றார் அம்மாவைப் பார்த்து.

"எட்டி கனி, அண்ணாச்சிக்கு டீ வாங்கிட்டு வா," என்றாள் அம்மா.

நான் போகவில்லை. அவர் டீ குடிக்காமலே போனார். அம்மா மாலை வரை என்னிடம் பேசவில்லை. எனக்கு யார்மேல் கோபம் என்று தெரிகிறது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 15

பொங்கல் வார்டுக்குள் எவர்சில்வர் வாளியில் வந்தது. அம்மாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை. "நீ ஏன்ட்டி பட்டினி, ஒனக்கென்ன சர்க்கரையா?" என்று திட்டினாள். இரண்டு வாய் சாப்பிட்டேன்.

பத்மநாபன் சார் கூப்பிட்டார். இருபதாம் தேதிக்குள் வந்தால் கட்டுரையை அனுப்பிவிடலாம், வேறொரு குழு இதே மாதிரிப் படலத்தை நெருங்கிவிட்டது என்றார். "முடிவு உங்க கையில்தான்" என்றும் சொன்னார்.

ஜனவரி 17

நேற்று டிக்கெட் எடுத்தேன். பத்தொன்பதாம் தேதி, நெல்லை எக்ஸ்பிரஸ். ஏன் எடுத்தேன் என்று இங்கே எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

இன்று காலை கட்டு மாற்றினார்கள். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. முதல் தடவையாக இடது காலைப் பார்த்தேன். விரல்கள் இருந்த இடத்தில் தையல். தையலைச் சுற்றித் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. இது நல்ல நிறம், ரத்தம் வருகிறது என்றார் நர்ஸ். நான் விநாடி எண்ணவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கும்போது அவள் மேல் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். இது எனக்குத் தெரியாது.

நர்ஸ் போனதும் அம்மா கேட்டாள்: "எப்பம் கெளம்புத?"

"பத்தொன்பது."

"நல்லது. இங்ஙன மைனி இருக்கா. நீ போய் உன் சோலியப் பாரு."

"நான் போகட்டுமா?"

"போ."

"நெசமாச் சொல்லு. நான் போகட்டுமா?"

"அதான் சொல்லுதேன்லா. போ."

கட்டிலில் அவள் பக்கத்தில் இடமில்லை. தரையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தேன். சேலை மடித்து மடித்து விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன.

"அம்மா, ஒரு மாசம் செத்த காலோட நின்னியே, எம் மூஞ்சியப் பாக்கணும்னு. அத எங்கிட்ட சொல்லல. இப்ப எம் மூஞ்சி இங்ஙனதான் இருக்கு. 'எட்டி, இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. டிக்கெட்டக் கிழிச்சிருதேன். நீ சொல்லணும்மா. நானாவே தங்கிட்டா அது எனக்காவத் தங்குனது. நீ கேட்டு நான் இருக்கணும்."

அவள் மேல் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். எதிர்க் கட்டில்காரி எங்களையே பார்த்தாள். அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை, இறுக்கவும் இல்லை.

"சொல்லும்மா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருன்னு சொல்லு."